கோலடித்தவர் கிளம்பிவிட்டார்: காலியான நிரையை நிரப்பும் முறை

செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வரும். "அண்ணே, அடுத்த மாசத்துல இருந்து சிங்கப்பூர்ல வேலை. இனி விளையாட வர முடியாது, மன்னிச்சிருங்க." அனுப்பியவர் உங்கள் குழுவின் ஸ்ட்ரைக்கர். போன பருவத்தில் குழு போட்ட கோல்களில் பாதி அவருடையது. அன்றிரவே செயலவைக்காரர்கள் மாமாக் கடையில் கூடுவார்கள். தே தாரிக் ஆறுவதற்குள் நான்கு பெயர்கள் மேசைக்கு வந்துவிடும். நான்குமே தவறாகப் போக வாய்ப்புண்டு. நமக்கு என்ன தேவை என்று அங்கே யாரும் இன்னும் கேட்கவில்லை.

மெர்கோங் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் பையன்களை வைத்துக் குழு நடத்துபவர்களுக்கும், பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டக் குழுக்களை விடாமல் இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும், மாவட்ட லீகில் இந்த ஆண்டுதான் பெயர் பதிந்தவர்களுக்கும் இந்த அத்தியாயம். பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. காலைப் பெரட்டில் ஓர் ஆள் வரவில்லை என்றால், அதே மாதிரி இன்னோர் ஆளைத் தேடி மண்டோர் ஓட மாட்டார். அந்த நிரையில் எத்தனை மரம் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து நிரைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மிஞ்சும் மரங்களுக்குத்தான் புது ஆள். ஸ்ட்ரைக்கர் போனாலும் வரிசை இதுதான்: முதலில் எண்ணுங்கள், பிறகு பிரியுங்கள், கடைசியில் தேடுங்கள்.

கெடாவிலேயே நடந்தது

2006-07, 2007-08 ஆகிய இரண்டு பருவங்களிலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா வென்றது. பயிற்றுநர் அஸ்ராய் கோர். முன்வரிசையில் மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ், நெல்சன் சான் மார்ட்டின் என்ற இரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். பிறகு 2009 முதல் 2011 வரை மலேசிய லீகில் வெளிநாட்டவர் ஆடத் தடை இருந்தது. அவர்களுக்குப் பதிலாக இன்னொரு வெளிநாட்டவரை வாங்கும் வழியே இல்லை. கைரில் முஹைமின் போன்ற உள்ளூர் இளைஞர்கள்தான் முன்னே நிற்க வேண்டியிருந்தது. கெடா 2013 முதல் இரண்டாம் அடுக்கில் ஆடி, 2015-இல் பிரீமியர் லீக் வாகையராகித்தான் மேலே திரும்பியது. இறக்கத்துக்கு ஸ்ட்ரைக்கர் போனது ஒன்றே காரணமல்ல. ஆனால் கோலடிக்கும் வேலை ஓரிருவர் காலில் மட்டும் இருந்தால் ஒரு சுற்றறிக்கைகூடக் குழுவை ஆட்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதே கெடாவில் மறுபக்கமும் உண்டு. 2019 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பேராக்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஒரே கோலை அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் உள்ளூர் இளைஞர் ஃபட்ஸ்ருல் டேனல்.

படி 1: போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள் (முதல் மூன்று நாள்)

கோபம் வரும். அதை வாட்ஸ்அப் குழுவில் கொட்டாதீர்கள். அடுத்து வரப்போகிறவரும் அதைப் படிப்பார்.

1. கடைசியாக எந்த ஆட்டம் வரை ஆடுவார் என்று தேதியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
2. பெட்ரோல் காசு, படித்தொகை எதுவும் பாக்கி இருந்தால் அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். ஜெர்சி, சாவி, பதிவு அட்டை ஆகியவற்றைத் திரும்பப் பெறுங்கள்.
3. வேறு குழுவுக்குப் போகிறார் என்றால் விடுவிப்புக் கடிதத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். ஒரு பருவத்தில் ஓர் ஆட்டக்காரர் மூன்று குழுக்கள் வரை பதிந்துகொள்ளலாம், ஆனால் இரண்டு குழுக்களுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம் என்பது ஃபிஃபாவின் பொது விதி. உங்கள் லீகின் விதியை மாநிலச் சங்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.
4. கடைசியாக ஒரு கேள்வி: "தம்பி, உன் இடத்துல நீயா இருந்தா யாரைக் கூப்பிடுவே?" எந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் தன்னைத் திணறடித்தார், எந்தக் குழுவில் யார் நல்ல ஸ்ட்ரைக்கர் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

குறிப்பு: அவர் சிறு வயதிலிருந்தே உங்களிடம் ஆடியவர் என்றால் பதிவுத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகி, ஒப்பந்தம் முடியும் முன் பணம் கொடுத்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் குழுவுக்கு வாங்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த குழுக்களுக்குப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. தாள் இல்லாத குழு எதை வைத்துக் கேட்கும்?

படி 2: கோல்களை எண்ணுங்கள் (முதல் வாரம்)

ஒரு பள்ளி நோட்டு போதும். போன பருவத்தில் அவர் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: எப்படி வந்தது, யார் கொடுத்தார், எந்த இடத்திலிருந்து அடித்தார். கைப்பேசிக் காணொளி இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தால் சத்தமாகப் பேசுகிறவரின் நினைவுதான் எல்லாருடைய நினைவும் ஆகிவிடும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். குழு மொத்தம் 30 கோல், போனவர் மட்டும் 14.

- பெனால்டி: 4 (அடித்தது 5)
- கார்னரிலிருந்து தலையால்: 3
- இடது ஓரத்துக் கிராஸிலிருந்து: 3
- தற்காப்புக்குப் பின்னால் ஓடி: 2
- கோல் காவலர் தட்டிவிட்ட பந்தில்: 2

நோட்டின் அடுத்த பக்கத்தில் கோலாகாத வேலைகளை எழுதுங்கள். பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

1. நீளமாக வரும் பந்தை முதுகால் மறைத்துப் பிடித்து வைத்துக்கொள்பவர் அவரா?
2. எதிரணித் தற்காப்பை முதலில் விரட்டுபவர் அவரா?
3. எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்போது முதல் கம்பத்தருகே நின்று தலையால் வெளியேற்றியவர் யார்? உயரமான ஸ்ட்ரைக்கர் உள்ள குழுக்களில் பெரும்பாலும் அவர்தான். அவர் போன மறுவாரமே கார்னரில் கோல் வாங்கிவிட்டு, கோல் காவலரைத் திட்டுவார்கள்.
4. தோற்றுக்கொண்டிருக்கும்போது மற்றவர்களைத் தட்டி எழுப்பியவர் அவரா?

படி 3: பிரித்துக் கொடுங்கள் (இரண்டாம் வாரம்)

இனி மண்டோர் வேலை. இருக்கிறவர்களிடமே எவ்வளவு ஒப்படைக்கலாம்?

*பெனால்டி.* உலகெங்கும் ஏறக்குறைய நான்கில் மூன்று பெனால்டிகள் கோலாகின்றன. அடிப்பவர் மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஐந்துக்கு நான்கு அடித்தவர் போனால் அடுத்தவர் மூன்றாவது அடிப்பார். இழப்பு ஒன்று. பயிற்சி முடிந்து களைத்த காலோடு ஐந்து பேரை ஐந்தைந்து உதை அடிக்கச் சொல்லி, நிதானமாக அடிக்கும் ஒருவரை நியமியுங்கள். இரண்டாமவர் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே பந்துக்குச் சண்டை வரக்கூடாது.

*கார்னர்.* நடுத் தற்காப்பில் இருக்கும் உயரமானவரை முன்னே அனுப்புங்கள். அவர் ஏறினால் பின்னால் நிற்க இருவரை அப்போதே குறித்துவிடுங்கள். மூன்று கோலில் இரண்டாவது திரும்பும். இழப்பு இன்னொன்று.

14 என்று மலைத்த எண் இப்போது 9. மீதி ஏழோடு இந்த இரண்டும். ஆள் யாரும் வரும் முன்னரே ஐந்து கோல் வீட்டுக்குள்ளிருந்து கிடைத்துவிட்டது. தற்காப்பைச் சரிசெய்து இரண்டு கோல் குறைவாக வாங்கினால் அதுவும் கணக்கில் சேரும்.

*ஓரத்து ஆளை நடுவுக்கு.* வெளியே தேடுவதற்கு முன் உங்கள் விங்கர்களை ஒருமுறை பாருங்கள். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கில் ஆடிய பிரென்ட்ஃபோர்டு 2019-இல் தன் ஸ்ட்ரைக்கர் நீல் மோபேயைப் பிரைட்டனுக்கு விற்றது. அதுவரை பெரும்பாலும் ஓரத்தில் ஆடிய ஆலி வாட்கின்ஸை நடுவுக்கு நகர்த்தியது. அந்தப் பருவத்தில் அவர் 25 லீக் கோல் அடித்தார்.

செய்து பார்க்கும் முறை: விங்கரை மூன்று பயிற்சி ஆட்டங்களில் நடுவில் நிறுத்துங்கள். கோலை எண்ணாதீர்கள். பந்து ஓரத்திலிருந்து வரும்போது அவர் கோல் வாயருகே எத்தனை முறை சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார் என்று எண்ணுங்கள்.

படி 4: தேவையை ஒரே வரியில் எழுதுங்கள்

"நல்ல ஸ்ட்ரைக்கர் வேண்டும்" என்பது தேவை அல்ல, ஆசை. மேலே போட்ட கணக்குப்படி வரி இப்படி இருக்கும்: "இடது ஓரத்துக் கிராஸுக்கு முதல் கம்பத்துக்கு ஓடி வருபவர், முதுகு காட்டிப் பந்தைப் பிடித்து வைப்பவர், செவ்வாய், வியாழன் இரவுப் பயிற்சிக்கு வர முடிந்தவர்." மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். கீழ் லீகில் திறமைக்குக் குறைவில்லை, வருகைக்குத்தான் குறைவு.

போனவரின் சாயல் அந்த வரிக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம், இடது கால், அவர் அணிந்த 9-ஆம் எண் எல்லாம் பழக்கத்தால் வரும் நிபந்தனைகள்.

படி 5: எங்கே தேடுவது (இரண்டு முதல் நான்காம் வாரம் வரை)

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். செலவும் ஆபத்தும் குறைவானது முதலில்.

1. *உங்கள் பெஞ்சு.* போன பருவத்தில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று இறங்கியவருக்குத் தொடர்ந்து மூன்று ஆட்டம் கொடுத்ததுண்டா?
2. *உங்கள் லீகிலேயே அடிப்பவர்.* 2020 ஆகஸ்ட் இறுதியில், மூன்றாம் அடுக்கில் ஆடிய பீட்டர்பரோ தன் ஸ்ட்ரைக்கர் ஐவன் டோனியைப் பிரென்ட்ஃபோர்டிடம் இழந்தது. முந்தைய பருவத்தில் டோனி 24 லீக் கோல் அடித்தவர். பீட்டர்பரோ தூர தேசத்தில் தேடவில்லை. அதே அடுக்கில் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த ஜான்சன் கிளார்க்-ஹாரிஸைக் கிட்டத்தட்ட அதே நாட்களில் எடுத்தது. அவர் 31 லீக் கோல் அடித்தார், குழு மேலேறியது. டோனியும் அதே பருவத்தில் புதுக் குழுவுக்கு 31 அடித்து மேலேற்றினார். உங்கள் அடுக்கில் அடிப்பவர் உங்களுக்கும் அடிக்க வாய்ப்பு அதிகம், திடலும் தற்காப்பும் அவருக்குப் பழகியவை.
3. *ஃபுட்சால் கூடங்கள், தொழிற்சாலைக் குழுக்கள்.* மெர்கோங் தொழிற்சாலைகளில் வேலைக்கு இடையே ஆடும் ஆட்கள் உண்டு. ஃபுட்சால் ஆளுக்கு முதல் தொடுதல் நன்றாக இருக்கும், ஆனால் பெரிய திடலில் 90 நிமிடம் ஓட ஆறு வாரமாவது ஆகும்.
4. *மாணவர்கள்.* சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம், ஜித்ராவில் பாலிடெக்னிக், மெர்போக்கில் யு.ஐ.டி.எம். வளாகம். தேர்வு வாரங்களையும் நீண்ட விடுமுறையையும் லீக் அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகு பேசுங்கள்.
5. *தோட்டத்துப் பையன்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள்.* ஞாயிறு மாலைத் திடலில் போய் நில்லுங்கள். விளம்பரம் பார்த்து வருபவரைவிட, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாமல் ஆடுபவரைக் கணிப்பது எளிது.
6. *மேல் அடுக்கில் விடுவிக்கப்பட்டவர்.* கடைசியில்தான். காயம் ஏதும் இருந்ததா, கடைசியாக எப்போது முழு ஆட்டம் ஆடினார் என்று விசாரியுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர், வெளிநாட்டு மாணவர் என்றால் பணப் பேச்சுக்கு முன் இரண்டு இடங்களில் கேளுங்கள்: அவரைப் பதிய முடியுமா என்று மாநிலச் சங்கத்தில், அவருடைய விசாவில் படித்தொகை வாங்கலாமா என்று குடிநுழைவுத் துறையில். "எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்ற பதிலை நம்பி இறங்கினால், மாட்டிக்கொள்பவர் அந்தப் பையன்தான்.

உள்ளூர் ஆட்களை மட்டும் நம்பினால் தேறாது என்று செயலவையில் யாராவது சொன்னால் பெட்டாலிங் ஜெயா சிட்டியைக் காட்டுங்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழுவாக வளர்ந்து வந்த அந்த கிளப், 2021-இல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீகில் ஆடி, கீழே இறங்காமல் நின்றது.

படி 6: தேர்வு நாள்

ஆறு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். இருபது பேர் வந்தால் அது தேர்வல்ல, திருவிழா.

1. *20 நிமிட வார்ம்-அப்.* ஃபிஃபா 11+ பயிற்சி வரிசையைப் பயன்படுத்துங்கள். யார் முழுமையாகச் செய்கிறார், யார் ஏய்க்கிறார் என்பதும் ஒரு தகவல்தான்.
2. *பத்துக் கிராஸ்.* இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் பத்துப் பந்து. சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் எத்தனை முறை வந்தார்? கோலானதா என்பது இரண்டாம் பட்சம்.
3. *முதுகில் ஒரு தற்காப்பாளர்.* பத்துப் பந்து. எத்தனை நம்மிடமே தங்கின?
4. *ஐவருக்கு ஐவர்.* பத்து நிமிடமாக மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கூட்டாளிகளை மாற்றுங்கள். பந்து பறிபோன அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார் என்று ஒருவர் குறிக்கட்டும்.
5. *பத்து நிமிடப் பேச்சு.* வேலை நேரம், போக்குவரத்து, பழைய காயம், வீட்டுச் சூழல்.

தேர்வு நாளின் கோல் எண்ணிக்கையை நம்பாதீர்கள். தொழில்முறை ஆட்டத்திலேயே ஏறக்குறைய பத்து உதைக்கு ஒன்றுதான் கோலாகிறது. ஒரு மாலையில் மூன்று அடித்தவருக்கு அன்று காற்று சாதகம், அடிக்காதவருக்குக் கம்பம் பாதகம். சரியான இடத்துக்கு வந்து சேரும் பழக்கம் அப்படியல்ல, அது வாராவாரம் கூடவே வரும்.

படி 7: பேச்சும் தாளும்

ஒரே பக்கத்தில், இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதுங்கள். படித்தொகை எவ்வளவு வெள்ளி, எந்தத் தேதியில், பெட்ரோல் தனியா, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை நாள் முன் சொல்லிவிட்டுப் போகலாம். சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வாரம் இரு பயிற்சி, ஓர் ஆட்டம் என்றால் போகவர 360 கிலோமீட்டர், டோல் வேறு. கணக்குப் பார்க்காமல் "பார்த்துக்கலாம் தம்பி" என்று சொன்ன குழுக்கள்தான் மூன்றாம் மாதம் ஆள் இல்லாமல் நிற்கின்றன.

கொடுக்க முடியாத தொகையைச் சொல்லாதீர்கள். இது சின்னக் குழுவுக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல. இரண்டு முறை மூன்று கிண்ணம் தூக்கிய கெடாவின் பெயரைத் தாங்கிய கெடா டாருல் அமான் கிளப், சம்பளப் பாக்கிச் சிக்கல்களுக்குப் பிறகு, 2025-26 சூப்பர் லீக் உரிமம் கிடைக்காமல் போனது.

பேசும் தொனி முக்கியம். "தம்பி, அவரு அடிச்ச பதினாலையும் நீ அடிக்கணும்னு நான் கேக்கல. கிராஸ் வரும்போது முதல் கம்பத்துக்கு வந்துடு. மத்ததை மத்தவங்க பாத்துக்குவாங்க." இந்த மூன்று வரி அவர் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைக்கும். 9-ஆம் எண்ணை இந்தப் பருவம் மாட்டியே வையுங்கள். புதியவருக்கு வேறு எண் கொடுங்கள்.

படி 8: முதல் ஆறு ஆட்டம்

1. முதல் ஆட்டத்தில் 30 நிமிடம், இரண்டாவதில் 60, மூன்றாவதில்தான் முழு ஆட்டம். இடைவெளிக்குப் பின் வந்தவரை நேராக 90 நிமிடம் ஓடவிட்டால் தொடைப் பின்தசை பிடித்து ஒரு மாதம் போய்விடும்.
2. பந்து கொடுப்பவரையும் பெறுபவரையும் பயிற்சிக்குப் பின் பதினைந்து நிமிடம் சேர்த்து நிறுத்துங்கள். கிராஸ் அடிக்கும் விங்கருக்கு இன்னும் பழையவரின் ஓட்டம்தான் கண்ணில் இருக்கும்.
3. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நோட்டில் மூன்று எண்: கோல் வாய்ப்புக்கு வந்து சேர்ந்தது எத்தனை, பந்தைப் பிடித்து வைத்தது எத்தனை, உதைத்தது எத்தனை.
4. ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகே தீர்ப்பு. வந்து சேர்வது குறையாமல், கோல் மட்டும் வரவில்லை என்றால் பொறுங்கள். வந்து சேர்வதே இல்லை என்றால் பட்டியலில் இரண்டாமவரைக் கூப்பிடுங்கள்.

பாதுகாப்பு: இவற்றில் பேரம் இல்லை

*மின்னல்.* 2016 ஏப்ரலில் மலாக்காவில் 18 வயது கோல் காவலர் ஒருவரைப் பயிற்சியின்போது மின்னல் தாக்கியது; சில வாரங்களில் அவர் இறந்தார். இடி கேட்டால் திடலைக் காலி செய்யுங்கள். மரத்தடியும் கூடாரமும் ஆகாது. கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். தேர்வு நாள் பாழாகிறதே என்று தயங்காதீர்கள்.

*வெயில்.* ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவின் வறண்ட காலம். திடல் சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும். பயிற்சியை மாலை 5.30-க்குப் பின் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். ஒருவர் தடுமாறினாலோ பிதற்றினாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

*நோன்பு மாதம்.* மலாய்ப் பையன்கள் இருக்கும் குழுவில் பயிற்சியை இரவுத் தொழுகைக்குப் பின் தள்ளுங்கள். நோன்பிருப்பவரைப் பகலில் தேர்வுக்கு அழைப்பது நியாயமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

*தலையில் அடி.* மயங்கினால், குழம்பினால், வாந்தி எடுத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "ஒண்ணுமில்ல கோச், ஓகேதான்" என்பதை ஏற்காதீர்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தலைவலி கூடினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அலோர் ஸ்டாரில் என்றால் சுல்தானா பஹியா மருத்துவமனை.

*முழங்காலும் தசையும்.* ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை வாரம் இரு முறையாவது ஒழுங்காகச் செய்த குழுக்களில் காயங்கள் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு ஒரு காசும் இல்லை.

*வயது.* 18-க்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பயிற்சி முடிந்து வீடு சேரும் வரை பொறுப்பு உங்களுடையது. எஸ்.பி.எம். ஆண்டில் இருக்கும் பையனைப் பருவம் முழுக்க நம்பாதீர்கள், அவனையும் இழுக்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- போனவரின் தம்பி, மச்சான், நண்பர் என்பதற்காக எடுப்பது.
- ஒரே கிண்ணப் போட்டியில் ஐந்து கோல் அடித்தவரைப் பார்த்து மயங்குவது. எதிரே யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.
- ஒருவருக்குப் பதில் மூன்று பேரை எடுத்து, மூவரையும் மாற்றி மாற்றி இறக்குவது. யாருக்கும் காலூன்றாது.
- புதியவருக்காக ஆட்டமுறையையே முதல் வாரத்தில் தலைகீழாக்குவது.
- பதிவுக் கெடு முடிந்த பிறகு ஆளைக் கண்டுபிடிப்பது. தேடத் தொடங்கும் முன் அந்தத் தேதியை நோட்டின் அட்டையில் எழுதுங்கள்.
- ஒவ்வொரு தோல்விக்கும் பழையவரின் பெயரை இழுப்பது. திடலோரத்தில் கேட்கும் அந்தப் பேச்சைப் புதியவர் கால்களும் கேட்கும்.

கையோடு வைத்திருக்க ஒரு சரிபார்ப்புப் பட்டியல்

1. பாக்கி தீர்ந்ததா, விடுவிப்புக் கடிதம் கொடுத்தாயிற்றா?
2. கோல் கணக்கும் கோலாகாத வேலைக் கணக்கும் எழுதியாயிற்றா?
3. பெனால்டி, கார்னர், முதல் கம்பக் காவல் மூன்றுக்கும் பெயர் போட்டாயிற்றா?
4. தேவை ஒரே வரியில் இருக்கிறதா?
5. பட்டியலில் இரண்டாமவர் யார்?
6. ஒப்பந்தத் தாளில் தொகையும் தேதியும் இருக்கின்றனவா?
7. முதலுதவிப் பெட்டி, தண்ணீர், மருத்துவமனைக்கு ஒரு வண்டி தயாரா?

புதியவரும் ஒருநாள் போவார். பினாங்கில் நல்ல வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், பெரிய குழு கூப்பிடும். கீழ் லீகில் அது துரோகம் அல்ல, வழக்கம். அதனால் அவர் போடும் முதல் கோலையே நோட்டில் எழுதிவிடுங்கள்: யார் கொடுத்தார், எங்கிருந்து, எந்தக் காலால். அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வரும் இரவில், மாமாக் கடைக்கு நான்கு பெயர்களோடு போகாதீர்கள். அந்த நோட்டோடு போங்கள்.